நூல் எத்தனை தரைக்கல்லைத் தாண்டும்? கணக்கு ஆசிரியராகப் போகிறவர்களைப் பழக்கும் முறை

மலேசிய இடைநிலைப்பள்ளியில் முதல் மூன்று படிவங்களுக்கு, அதாவது முதல் மூன்று வகுப்புகளுக்கு, கணிதம் நடத்தப் போகும் இளைஞர்களைத் தயார்செய்யும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருக்கலாம். பயிற்சி ஆசிரியரைத் தன் வகுப்பில் ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கலாம். நான் இரண்டாவது வகை. பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் படிவம் 1 முதல் 3 வரை கணிதம் நடத்தியே வேலைக்காலத்தைக் கழித்தவள். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் தமிழ்ப் பயிற்சி ஆசிரியர்களைக் கூட்டிவைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். அந்த வகுப்பில் எது வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம் இரண்டிலும் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள். சிக்கலே அதுதான். படிவம் 1 கணக்கு எதிலும் அவர்கள் திணறியதில்லை. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே கை சமன்பாடு எழுதத் தொடங்கிவிடும். இப்படிப்பட்டவரிடம் திணறும் பிள்ளை ஒன்று வந்து நின்றால், அவருக்குத் தெரிந்த ஒரே உதவி தன் வழியை வேகமாகச் சொல்லிக்காட்டுவதுதான். வழி தெரிந்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஜார்ஜ்டவுன் சந்துகளில் நடந்தவன், மறுநாள் தனியாக வந்தால் கொம்தார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பிள்ளையின் நிலையும் அதுதான்.

ஆகவே முதல் வேலை, பயிற்சி ஆசிரியரையே சிக்கவைப்பது. பல்கலைக்கழகக் கணக்கைக் கொடுத்துச் சிக்கவைக்காதீர்கள். "இந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை" என்று தப்பித்துக்கொள்வார்கள். படிவம் 1 அறிவு மட்டுமே தேவைப்படுகிற, ஆனால் எந்தச் சூத்திரமும் கைகொடுக்காத கணக்கு வேண்டும்.

முதல் வகுப்பு: தரையும் நூலும்

நான் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். சதுரத் தரைக்கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். நீளவாக்கில் 5 கல், அகலவாக்கில் 3 கல் உள்ள செவ்வகத் தரை ஒன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூலை இழுத்துப் பிடித்தால் அது எத்தனை கற்களின் மேல் போகும்? சரி, எந்த அளவுத் தரைக்கும் பொருந்தும்படி சொல்ல முடியுமா?

ஒவ்வொருவருக்கும் கட்டம் போட்ட தாள், அடிக்கோல், பேனா. பென்சில் கூடாது, அழிப்பான் கூடாது. தப்பாகப் போன வழியும் தாளில் கிடக்க வேண்டும், பிறகு அதற்கு வேலை இருக்கிறது. தாளின் வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பத்தி பிரித்து, அந்தந்த நேரத்தில் மனத்தில் ஓடியதை அங்கே எழுதச் சொல்லுங்கள்: "இது பித்தாகரஸ் என்று நினைத்தேன்", "எரிச்சலாக இருக்கிறது", "சின்னதாக வரைந்து பார்க்கலாமா?" எதுவானாலும் சரி. கைப்பேசிகள் பையில் இருக்கட்டும். முதல் இருபது நிமிடம் யாரும் யாரோடும் பேசக்கூடாது. பேச விட்டால் வேகமான ஒருவர் முடித்துவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

நடப்பது ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். முதலில் சிலர் மூலைவிட்டத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, தெரியும் என்பதால் செய்கிறார்கள். பிறகு வரைகிறார்கள். 5, 3 போட்டால் 7 கற்கள். 3, 2 போட்டால் 4. 5, 4 போட்டால் 8. சற்று நேரத்தில் யாராவது ஒருவர் நிமிர்வார்: இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் போதும். பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

இந்த இடத்தில் நீங்கள் எதுவும் சொல்லக்கூடாது. "நன்று" என்றும் சொல்லாதீர்கள், "சரிபாருங்கள்" என்றும் சொல்லாதீர்கள். பின்னால் போய் நின்று, "இன்னும் எந்தத் தரையை வரைந்து பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வரும்?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல மாணவர் 4, 4 வரைவார். நூல் நான்கு கல்லைத்தான் தாண்டுகிறது. விதியோ 7 என்கிறது. "சதுரம் விதிவிலக்கு" என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். அப்படியே விடுங்கள். இன்னும் சற்று நேரத்தில் 6, 4 யாராவது வரைவார்கள். எண்ணினால் 8 வரும், 9 வராது. இப்போது அது சதுரமும் அல்ல. அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

"அந்த ஒரு கல் எங்கே தொலைந்தது?" என்று கேட்க வேண்டிய நேரம் இது. கோட்டைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்: நூல் நடுவில் நான்கு கற்கள் சந்திக்கும் புள்ளியின் மேலேயே சரியாகப் போகிறது. ஏன் என்பதை அவர்களே கட்டிச் சேர்க்கட்டும். நூல் ஒரு கல்லில் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை ஓர் இடைக்கோட்டைத் தாண்டும்போதும் ஒரு புதுக் கல்லுக்குள் நுழைகிறது. 6, 4 தரையில் உள்ளே நெடுக்குக் கோடுகள் 5, குறுக்குக் கோடுகள் 3, தொடக்கக் கல் 1, ஆக 9. ஆனால் நடுப்புள்ளியில் நெடுக்கும் குறுக்கும் ஒரே சமயத்தில் தாண்டப்படுவதால் இரண்டு புதுக் கற்களுக்குப் பதில் ஒன்றுதான் கிடைக்கிறது. இத்தகைய புள்ளிகள் எத்தனை என்று தேடிப்போனால், நீள அகலங்களின் மீப்பெரு பொதுக் காரணியில், அதாவது இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண்ணில், ஒன்று குறைவு என்று வந்து நிற்கும். கூட்டுத்தொகையிலிருந்து மீப்பெரு பொதுக் காரணியைக் கழித்தால் விடை. 9, 6 தரைக்கு 12.

மீப்பெரு பொதுக் காரணி நம் பாடத்திட்டத்தில் படிவம் 1-இன் இரண்டாவது தலைப்பிலேயே வருகிறது. அதை வகுத்தல் ஏணி போட்டுக் கண்டுபிடிக்கும் வேலையாக மட்டும் பார்த்துவந்தவர்கள், அது ஒரு தரையின் நடுவில் புள்ளியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் அமைதியாகிவிடுகிறார்கள். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். முதல் வகுப்பில் வேறு எதையும் திணிக்க வேண்டாம்.

இடையில் சிக்கிக்கொண்டு உங்களைப் பார்ப்பவரிடம் என்ன சொல்வது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலன் ஷோன்ஃபெல்ட் தம் மாணவர்களிடம் மூன்று கேள்விகளை வைத்திருந்தார்: இப்போது நீ சரியாக என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அதை ஏன் செய்கிறாய்? அதன் முடிவு கிடைத்தால் எப்படி உதவும்? பதில் சொல்ல முடியாமல் விழிப்பார்கள். மூலைவிட்ட நீளம் கண்டுபிடித்தவரிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டால் அவரே கோடு போட்டு அந்த வழியை நிறுத்திவிடுவார். இந்த மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு குறிப்பு தரும் ஆசை வரும்போது அட்டையைப் பாருங்கள்.

அதே கணக்கை அடுத்த வகுப்பில் மறுபடி எடுக்க வேண்டும். இம்முறை கேள்வி வேறு: பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை எப்படித் தொடங்கும்? எங்கெங்கே தவறும்? பயிற்சி ஆசிரியர்கள் தங்கள் தாளின் வலப்பத்தியையே எடுத்துப் பார்க்கட்டும். அவர்கள் எழுதிய எரிச்சல் எல்லாம் இப்போது பாடக்குறிப்பு ஆகிவிடும். கோடு மூலையைத் தொட்டுச்செல்லும் கல்லையும் எண்ணுவதா என்ற குழப்பம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும். என் வகுப்பில் அதை நான் வேண்டுமென்றே தெளிவுபடுத்துவதில்லை. பெரியவர்கள் தாங்களே முடிவு செய்து, அந்த முடிவை எழுதிவைக்கப் பழக வேண்டும். பள்ளியிலோ, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் நேரத்தை அந்தச் சண்டையில் கழிக்கத் தேவையில்லை.

சுவரொட்டியில் உள்ள நான்கு படிகள்

ஜார்ஜ் போல்யாவின் நான்கு படிகளை எல்லாப் பயிற்சி ஆசிரியரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: கேள்வியைப் புரிந்துகொள், திட்டமிடு, திட்டத்தை நிறைவேற்று, திரும்பிப் பார். நம் பாடநூல்களிலும் பள்ளிச் சுவர்களிலும் அவை நிறைந்திருக்கின்றன. போல்யா 1887-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். சூரிக்கில் நெடுங்காலம் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர். அந்த நான்கு படிகளை 1945-இல் நூலாக வெளியிட்டார். அதில் முக்கியமானவை படிகள் அல்ல. ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் கேட்கக்கூடிய கேள்விகள்தான் அதன் உயிர். நாம் கேள்விகளைக் கழற்றிப் போட்டுவிட்டு நான்கு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் "கொடுக்கப்பட்டவை", "கேட்கப்பட்டவை" என்று எழுதிப் பெட்டியை நிரப்புகிறார்கள். யோசனை அதற்கு வெளியே எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பில் அதைப் பேச வேண்டாம், அவ்வளவுதான்.

நான்காவது படியை மட்டும் விடாப்பிடியாகப் பழக்குங்கள், ஏனெனில் மணி அடித்ததும் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அதற்கு நான் தரும் கணக்கு சின்னது. ஒரு கடையில் ரொட்டி சானாய் விலையை 25 விழுக்காடு ஏற்றினார்கள். கூட்டம் குறைந்ததால் பழைய விலைக்கே திரும்ப வேண்டும். எத்தனை விழுக்காடு குறைக்க வேண்டும்? பயிற்சி ஆசிரியர்கள் 20 என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். நல்லது, இப்போதுதான் வேலை தொடங்குகிறது. 1 ரிங்கிட் 60 சென் விலையாக வைத்துக் காட்டு. விலையே தெரியாமல் காட்டு. பட்டை வரைபடம் போட்டு, நான்கு துண்டு ஐந்தாகி, ஐந்தில் ஒன்று போனது என்று காட்டு. 25-க்குப் பதில் 50 ஏற்றினால் என்ன? 100 ஏற்றினால்? எத்தனை ஏற்றினாலும் குறைப்பு 100 விழுக்காட்டை எட்டாது, ஏன்? ஒரே கணக்கில் அரை மணி நேரம் நின்றால்தான், "விடை வந்தாயிற்று, அடுத்தது" என்ற பழக்கம் கொஞ்சம் தளரும்.

வாயை மூடிக்கொள்ளும் பயிற்சி

ஒரு பயிற்சி ஆசிரியரிடம் மாற்றுவதற்கு மிகவும் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், பேச்சு என்பேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார், அதற்குள் வேறு பிள்ளையிடம் தாவிவிடுகிறார் அல்லது தானே சொல்லிவிடுகிறார் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று பாருங்கள், தெரியும்.

இதை உரை ஆற்றிக் கற்றுத்தர முடியாது. இருவர் இருவராக உட்காரவைத்து நடிக்கச் சொல்லுங்கள். மூன்றாமவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஆசிரியராக நடிப்பவர் கேள்வி மட்டுமே கேட்கலாம், வாக்கியம் சொன்னால் ஆட்டம் முடிந்தது. நான் தரும் கணக்கு இது: ஒன்றேமுக்கால் கிலோ அரிசி இருக்கிறது. அரைக் கிலோ பைகளில் போட்டால் எத்தனை பை?

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பின்ன வகுத்தலில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்குப் பொருந்தும் கதை ஒன்றும் கேட்கப்பட்டது. சீன ஆசிரியர்கள் அனைவரும் வகுத்தார்கள், பத்துக்கு ஒன்பது பேர் சரியான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் வகுத்தலைச் சரியாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அரிசிக் கணக்கைச் சொல்லாமல் "ஒன்றேமுக்காலை அரையால் வகுப்பதற்கு ஒரு கதை எழுதுங்கள்" என்று நம் பயிற்சி ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றேமுக்கால் கிலோவை இரண்டு பேருக்குப் பங்கிட்ட கதை ஒன்றாவது கட்டாயம் வரும். அது அரையால் வகுப்பதல்ல, இரண்டால் வகுப்பது.

இனி பிள்ளையின் பதிலுக்கு வருவோம். படிவம் 1-இல் இந்தக் கணக்குக்கு வரும் மிக இயல்பான தவறு, "மூன்றேகால் பை, டீச்சர்" என்பது. மூன்று பை நிரம்பியது, கால் கிலோ மிஞ்சியது, ஆகவே மூன்றேகால். பழக்கமில்லாத பயிற்சி ஆசிரியர் உடனே, "மூன்றேகால் இல்லை, மூன்றரை. ஒன்றேமுக்காலை ஏழின் கீழ் நான்காக மாற்று, அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கு…" என்று தொடங்கிவிடுவார். பிள்ளையும் எழுதிக்கொள்ளும். அந்தக் கால் எங்கே போனது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் உரையாடல் இப்படி மாறுகிறது:

"வரைந்து காட்டுகிறாயா?"

பிள்ளை மூன்று பையும் பக்கத்தில் ஒரு சின்னக் குவியலும் வரைகிறது.

"நீ சொன்ன கால் இதில் எது?"

"இந்தக் குவியல்."

"அது எவ்வளவு அரிசி?"

"கால் கிலோ."

"ஒரு பையில் எவ்வளவு?"

"அரைக் கிலோ." பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரம் ஓடுகிறது. ஆசிரியராக நடிப்பவரின் வாய் திறக்கிறது, மூடுகிறது. ஐந்து விநாடி, ஆறு விநாடி. "அப்படியானால் அது அரைப் பை. மூன்றரை பை."

அந்த ஆறு விநாடியைத் தாங்கியவருக்கு இனி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தாங்க முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்களை மறுபடி ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைக்காமல் கடிகாரம் பார்ப்பவராக மாற்றுங்கள். பிறர் காத்திருப்பதைப் பார்த்தால் சீக்கிரம் பழகுகிறார்கள்.

கதைக் கணக்கும் மொழியும்

1979, 80 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள்: கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கேப்டனுக்கு வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் எண்களை எப்படியோ சேர்த்து ஒரு வயது சொன்னார்கள். பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் 26 மோட்டார் சைக்கிள், 10 சைக்கிள் என்று மாற்றிப் பயிற்சிப் பள்ளியில் கொடுத்துப் பார்க்கும்படி நான் பயிற்சி ஆசிரியர்களிடம் சொல்வதுண்டு. திங்கள்கிழமை காலை சோகமாகச் செய்தி அனுப்புவார்கள்.

பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். எண் இருந்தால் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். இந்தப் பழக்கத்துக்கு உரமிடுவது குறிச்சொல் முறை: "மொத்தம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி. எனக்கு இந்த முறையின் மேல் பொறுமையே இல்லை. பயிற்சி ஆசிரியர் அதை விட மறுத்தால் வாதாடாதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும், அதை நம்பினால் தவறிப்போகும் கணக்கு ஒன்று எழுதச் சொல்லுங்கள். "கவிதா 18 ரிங்கிட் செலவழித்தபின் மீதி 27 ரிங்கிட். முதலில் எவ்வளவு இருந்தது?" இதில் மீதி இருக்கிறது, கழித்தல் இல்லை. ஒரு மாலைக்குள் அவருடைய பட்டியல் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழில் கணிதம் படித்துவிட்டு வருகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் கேள்வி மலாயிலோ சில பள்ளிகளில் ஆங்கிலத்திலோ வருகிறது. வாசிப்பிலேயே மூச்சு வாங்கிவிட்டால் எண்களைப் பிடித்துக்கொள்வதுதான் ஒரே வழி. இதற்கு ஒரு நல்ல உத்தி, எண்களை மறைத்துவிடுவது. கேள்வியில் எண் இருந்த இடங்களில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு, என்ன நடக்கிறது என்று பிள்ளை தன் மொழியில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லட்டும். யார் வாங்கினார், யாரிடம் இருக்கிறது, எது தெரியாது. கதை நேரான பிறகு ஒட்டுத்தாளை எடுங்கள். வகுப்பில் மலாய், சீனப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் இதே உத்தி பயன்படுகிறது.

கொடிமலை ரயில்

கணக்கைத் தேர்ந்தெடுப்பதும் கற்றுத்தர வேண்டிய ஒன்றுதான். பயிற்சி ஆசிரியர்கள் தாமாக எழுதும் கணக்குகள் பெரும்பாலும் பாடநூல் கணக்கின் பெயர் மாற்றிய வடிவங்கள். ஒருமுறை வந்த கணக்கில் ஒருவர் பினாங்குப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் 3 நிமிடத்தில் கடந்தார். பாலம் 13.5 கிலோமீட்டர். விடை மணிக்கு 270 கிலோமீட்டர். அறையில் யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் வகுத்துக்கொண்டிருந்தார்கள். எழுதும் ஒவ்வொரு கணக்கையும் தானே ஒருமுறை வாழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பினாங்கில் இருந்துகொண்டு நல்ல கணக்குக்கு அலையத் தேவையில்லை. கொடிமலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இரண்டு பெட்டிகள், ஒன்று மேலேயிருந்து இறங்கும்போது மற்றது கீழேயிருந்து ஏறும். இரண்டும் எங்கே சந்திக்கும்? பயிற்சி ஆசிரியர்களின் முதல் கேள்வி, "வேகம் கொடுக்கவில்லையே?" என்பது. ஏறும் பெட்டி மெதுவாகப் போகும், இறங்குவது வேகமாகப் போகும், ஆகவே சந்திப்பு கீழ்ப்பக்கம் இருக்கும் என்று சிலர் உறுதியாக வாதாடுவார்கள். வாதம் சூடு பிடிக்கட்டும். யாராவது ஒருவர் இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் தொங்குகின்றன என்பதைக் கவனிப்பார். ஒன்று பத்து மீட்டர் இறங்கினால் மற்றது பத்து மீட்டர் ஏறியே தீர வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும், இடையில் நின்றுபோனாலும் சந்திப்பு சரிபாதியில்தான். அதனால்தான் ஒற்றைத் தடம் நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிகிறது.

இதை அப்படியே முடித்துவிடாமல் நீட்டலாம். 1923-இல் ஓடத் தொடங்கிய பழைய ரயில் இரண்டு பகுதிகளாக இருந்தது. நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டியில் மாறி ஏற வேண்டும். 2010-க்கு முன் போன பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது பெட்டிகள் எங்கெங்கே சந்தித்தன? இரு பகுதிகளும் சம நீளம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை. எந்தத் தகவல் வேண்டும், எது வேண்டாம் என்று பிள்ளையே சொல்ல வேண்டிய கணக்கு இது. முடிந்தால் பயிற்சி ஆசிரியர்களை உண்மையாகவே ரயிலில் ஏற்றிவிடுங்கள். டிக்கெட் காசு வீண்போகாது.

பலகை, மதிப்பெண், கடைசி வகுப்பு

பலகையைப் பற்றி ஒன்றே ஒன்று: அழிக்க விடாதீர்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு முழுப் பாடத்தையும் ஒரே பலகையில் இடமிருந்து வலமாக நிறுத்திவைப்பார்கள். பிள்ளைகளின் வழிகள், தவறியவை உட்பட, பாடம் முடியும்வரை கண்முன் இருக்கும். எந்த வழியை முதலில் எழுதவைப்பது என்பதை ஆசிரியர் நடந்துகொண்டே முடிவு செய்துவிட வேண்டும். வரைந்து எண்ணிய பிள்ளை முதலில், சூத்திரம் எழுதிய பிள்ளை கடைசியில். தலைகீழாக்கினால் எண்ணிய பிள்ளை தன் தாளைக் கையால் மறைத்துக்கொள்ளும்.

மதிப்பெண் எப்படித் தருவது என்று கேட்பார்கள். நான் பாதி மதிப்பெண்ணை அந்த வலப்பத்திக்குக் கொடுக்கிறேன். எங்கே நின்றேன், ஏன் வழி மாற்றினேன் என்பது எழுதப்பட்டிருந்தால், விடை தவறினாலும் பாதி உண்டு. விடை சரியாக இருந்து பத்தி வெறுமையாக இருந்தால் மற்றப் பாதி மட்டுமே. முதல் மாதம் முணுமுணுப்பார்கள்.

"பள்ளியில் இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பதும் தவறாமல் வரும். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானது, படிவம் 3-இன் பி.டி.3 தேர்வு 2022-இல் ரத்தானது. அதன்பின் பள்ளிப்பிள்ளைகள் சந்திக்கும் முதல் பெரிய அரசுத் தேர்வு எஸ்.பி.எம். என்றானது. முதல் மூன்று படிவங்களுக்கு இவ்வளவு மூச்சுவிடும் இடம் முன்பு இருந்ததில்லை. சிலர் அந்த இடத்தையும் தலைப்புவாரிச் சோதனைகளால் நிரப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. அனைத்துலக டிம்ஸ் மதிப்பீட்டில் நம் படிவம் 2 பிள்ளைகளின் கணிதப் புள்ளி 1999-இல் 519, 2023-இல் 411. இதற்கு யாரைக் குறை சொல்வது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் அந்த இரண்டு எண்களைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை இத்தகைய ஒற்றைக் கணக்குக்கு ஒதுக்கினால் போதும். மற்ற நாள்களில் பாடநூலை நடத்தட்டும்.

கடைசி வகுப்பில் வரிசையை மாற்றுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு கணக்கைப் பயிற்சி ஆசிரியர்கள் கொண்டுவர வேண்டும். நீங்கள் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. அதைப் பலகையில், அவர்கள் முன்னால், மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். அந்த மூன்று கேள்விகள் எழுதிய அட்டை இம்முறை அவர்கள் கையில் இருக்கட்டும், கேட்கும் உரிமை அவர்களுடையது. நீங்கள் சிக்கிக்கொண்டால் குறிப்புத் தர அனுமதிக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் முடியாவிட்டால் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, எதுவரை வந்தீர்கள், அடுத்து எதை முயலப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள்.